பௌசர் மறுபடி வருவது குற்றமா?

ஓடுவதையும் தாவுவதையும் அடிப்படையாகக் கொண்ட வீடியோ கேம் பிளாட்போர்ம் ஆட்டம் எனப்படும். பள்ளங்களைத் தாண்டி, மேடை விட்டு மேடை பாய்ந்து, குறுக்கே வரும் சிற்றெதிரிகளை மிதித்தோ விலக்கியோ முன்னேறுகிறவர் ஒரு கட்டத்தின் முடிவில் பெரிய எதிரி ஒன்றைச் சந்திப்பார். அந்த எதிரிதான் பொஸ். மரியோவுக்கு பௌசர், சொனிக்குக்கு டொக்டர் எக்மேன், மெகா மேனுக்கு டொக்டர் வைலி, டொங்கி கொங்குக்கு கிங் கே. ரூல், கர்பிக்கு கிங் டிடிடி. இவர்களில் எவனும் ஓர் ஆட்டத்தோடு ஓய்ந்தவன் அல்ல. தீக்குழம்பில் விழுவான், கோட்டையோடு சேர்ந்து இடிவான், அடுத்த ஆட்டத்தில் ஒன்றும் நடவாதது போல் வந்து நிற்பான்.

இதைப் பற்றி ரசிகர்களிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. பழைய பொஸ் திரும்பி வந்தால் வடிவமைப்பாளரின் கற்பனை வற்றிவிட்டது என்று பொருள். புதுமை வேண்டுமானால் புது வில்லன் வேண்டும். விளையாடிப் பார்க்கும் முன்பே, விளம்பரத்தில் ஒரு முகத்தைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிட இந்த அளவுகோல் வசதியானது. அது பரவியதற்கு அந்த வசதியே முக்கியக் காரணம். ஆனால் அளவுகோல் பிழையானது. வேடத்தை அளந்துவிட்டு ஆட்டத்தை அளந்ததாக அது நினைத்துக்கொள்கிறது.

ஒரு பொஸ்ஸில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று வேடம்: பெயர், முகம், சிரிப்பு, பின்னணி இசை. மற்றது விதி: அவன் எப்படி அசைகிறான், எந்தக் களத்தில் நிற்கிறான், எப்போது அடிக்கிறான், எப்படி அடிவாங்குகிறான். நாவலில் ஒரு பாத்திரத்தின் மனம்தான் எழுத்தாளனுக்குக் கச்சாப் பொருள். அங்கே அதே வில்லன் அதே மனத்தோடு ஏழாவது முறையும் வந்தால் வாசகன் சலிப்பது நியாயம். பிளாட்போர்ம் ஆட்டத்தில் வில்லனுக்கு மனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இளவரசியைத் தூக்குவான், வாழைப்பழத்தைத் திருடுவான், உலகத்தை ஆள ஆசைப்படுவான், அவ்வளவுதான். அங்கே கச்சாப் பொருள் அசைவும் நேரமும் இடமும். புதுமை இருக்கிறதா இல்லையா என்பதை அங்கேதான் தேட வேண்டும்.

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் இந்த வகைக்கே இலக்கணம் வகுத்த ஆட்டம். எட்டு உலகங்கள்; ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டை; கோட்டைக்குள் தீக்குழம்பின் மேல் ஒரு பாலம்; பாலத்தின் மேல் பௌசர். அவனைத் தாண்டியோ அவனுக்கு அடியில் புகுந்தோ மறுகரையில் உள்ள கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து அவன் கீழே போவான். ஒரே ஆட்டத்துக்குள் எட்டு முறை அதே பொஸ், அதே பாலம். இன்றைய அளவுகோலின்படி இதைவிடச் சோம்பேறித்தனமான ஆட்டம் இருக்க முடியாது. ஆனால் புதுமையைத் தேடும் ரசிகர்களே இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அந்தக் கார்ட்ரிஜில் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், ஆக மொத்தம் 40 கிலோபைட்தான் இடம். உலகத்துக்கு ஒரு பூதமாக எட்டுப் பூதங்களை வரைய அதில் வழியில்லை. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸூகாவும் அந்த நெருக்கடியை என்ன செய்தார்கள் என்பதில்தான் சேதி இருக்கிறது. முதல் ஐந்து உலகங்களில் பௌசர் தீயை மட்டும் உமிழ்வான். ஆறாம் உலகத்தில் சுத்தியல் வீசத் தொடங்குவான். எட்டாம் உலகத்தில் தீயும் சுத்தியலும் சேர்ந்து வரும். கற்றுக்கொண்ட தாவல் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போதாமல் போகும். இதற்கும் மேலே ஒரு தந்திரம் உண்டு. பாலத்தை அறுக்காமல் தீப்பந்துகளால் அடித்தே பௌசரை வீழ்த்தினால், முதல் ஏழு உலகங்களில் விழுகிறவன் பௌசரே அல்ல. வேடம் கலைந்து முதல் உலகத்தில் ஒரு கூம்பாவும் மற்றவற்றில் வேறு சிற்றெதிரிகளும் கீழே விழும். உண்மையான பௌசர் எட்டாவது கோட்டையில் மட்டுமே இருக்கிறான். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்திருக்காவிட்டால் இந்த ஏமாற்றுக்கு இடமே இருந்திருக்காது. எதிர்பார்ப்பு உருவாகாத இடத்தில் யாரையும் ஏமாற்ற முடியாது.

அடுத்த ஆட்டங்களில் பெயர் மாறவில்லை, சண்டை மாறிக்கொண்டே போனது. 1988இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் கோடரியும் இல்லை, பாலமும் இல்லை. செங்கல் தளத்தின் மேல் பௌசர் எழும்பி எழும்பி மிதிப்பான். தன் எடையாலேயே தளத்தை உடைத்துக்கொண்டு விழ, அவனைச் சரியான இடத்துக்கு இழுத்து வருவதுதான் ஆட்டக்காரரின் வேலை. 1990இன் சூப்பர் மரியோ வேர்ல்டில் அவன் கோமாளி முகம் போட்ட பறக்கும் வாகனத்தில் வருவான். அவன் போடும் இயந்திர ஆமைகளை மிதித்து, எடுத்து, மேல்நோக்கி எறிந்து அவன் தலையிலேயே விழுத்த வேண்டும். 1995இன் யோஷிஸ் ஐலண்டில் அவன் கைக்குழந்தை. 1996இன் சூப்பர் மரியோ 64, மரியோவை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தது. கையில் புதிதாக வந்த அனலொக் ஸ்டிக்கை என்ன செய்வது என்று உலகமே தடுமாறிய நேரத்தில், பௌசரின் வாலைப் பிடித்து, ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றி, களத்தின் விளிம்பில் உள்ள குண்டுகள் மேல் அவனை வீசச் சொன்னது அந்த ஆட்டம். புதுக் கருவிக்கும் புதுப் பரிமாணத்துக்கும் பாடம் நடத்தியவன் பழைய வில்லன். அந்த இடத்தில் முன்பின் தெரியாத பூதம் ஒன்று நின்றிருந்தால் அது யார், ஏன் வந்தது என்று விளக்கவே சில நிமிடங்கள் போயிருக்கும். பௌசருக்கு அறிமுகம் தேவையில்லை. ஆகவே கவனம் முழுவதும் கைக்குப் போகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் மெகா மேன். கெப்கொம் நிறுவனம் 1987 முதல் 1993 வரை ஆறு முதன்மை மெகா மேன் ஆட்டங்களை வெளியிட்டது. முதல் ஆட்டத்தில் ஆறு ரொபோ பொஸ், பிறகு ஒவ்வொன்றிலும் எட்டு. ஆக 46 புது முகங்கள். சிலவற்றை ரசிகர்களிடமே போட்டி வைத்துத் தெரிந்தெடுத்தார்கள். புது வில்லன் என்றால் புதுமை என்ற கணக்கின்படி, பிளாட்போர்ம் உலகிலேயே ஆகப் புதுமையான தொடர் இதுவாக இருக்க வேண்டும். நடந்தது வேறு. அரைத்த மாவையே அரைக்கிறது என்ற பழி வேறெந்தத் தொடரைவிடவும் மெகா மேனுக்கே அதிகம் விழுந்தது. காரணம் வெளிப்படை: எட்டு முகங்களும் புதியவை, ஆனால் எட்டுக் கட்டங்கள், வென்றவனின் ஆயுதத்தைப் பறித்தல், அதை இன்னொருவன்மேல் பிரயோகித்தல், கடைசியில் கோட்டைக்குள் எட்டுப் பேரையும் மறுபடி அடித்தல் என்ற சட்டகம் ஆறு ஆட்டங்களிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. முகம் மாறியும் விதி மாறாததைத்தான் ரசிகர்கள் உணர்ந்தார்கள். உணர்ந்ததைச் சொல்லும்போது மட்டும் பழியை டொக்டர் வைலியின் தலையில் போட்டார்கள்.

வைலியை ஒளித்துவைக்கவும் கெப்கொம் முயன்றது. நான்காம் ஆட்டத்தில் (1991) டொக்டர் கொசாக் என்ற ரஷ்ய விஞ்ஞானி வில்லன் என்றார்கள். ஐந்தாம் ஆட்டத்தில் (1992) மெகா மேனின் அண்ணனான புரோட்டோ மேனே எதிரியாகிவிட்டான் என்றார்கள். ஆறாம் ஆட்டத்தில் (1993) மிஸ்டர் எக்ஸ் என்ற முகமூடிக்காரனைக் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் திரை விலகினால் உள்ளே வைலிதான். முதல் தடவை அது திருப்பம். மூன்றாம் தடவை, தாடி வைத்த ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. புது வில்லனைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு நிறுவனம் கொடுக்கக்கூடிய மிக மலிவான பதில் இந்த முகமூடிதான். நேராக வரும் வைலியில் இருக்கும் நேர்மை அதில் இல்லை.

புது முகங்கள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஜப்பானில் 1987இல் வந்த டோக்கி டோக்கி பனிக் என்ற வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்து, அமெரிக்காவில் 1988இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2 என்று வெளியிட்டார்கள். அதில் பௌசர் இல்லை. வார்ட் என்ற தவளை ராஜா இருந்தான். வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் காய்கறிகளை எறிந்து அவனைத் தோற்கடிக்க வேண்டும். நல்ல சண்டைதான். பிந்திய மரியோ ஆட்டங்களில் வார்ட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே ஆட்டத்தில் கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வந்து முட்டை துப்பிய பேர்டோவோ இன்றுவரை அந்த உலகத்தில் உலாவுகிறது. புதியவன் என்ற தகுதி வார்ட்டைக் காப்பாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்தது பேர்டோவைக் கெடுக்கவுமில்லை.

டொங்கி கொங் வரலாறு இன்னும் நேரடியான சாட்சி. ரெயார் நிறுவனம் 1994இல் உருவாக்கிய டொங்கி கொங் கன்ட்ரியில் கிங் கே. ரூல் முதன்முதலாக வந்தான். கப்பல் தளத்தில் கிரீடத்தை வீசி அடிப்பான். வீழ்ந்ததும் திரையில் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் என்று ஒரு போலிப் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும். ஆட்டக்காரர் கையைத் தளர்த்தும் நேரத்தில் எழுந்து மறுபடி தாக்குவான். 1995இல் கப்பல் தலைவனாகத் துப்பாக்கியோடும், 1996இல் விஞ்ஞானி வேடத்திலும் திரும்பினான். பிறகு ரெட்ரோ ஸ்டூடியோஸ் தொடரை எடுத்து நடத்தியபோது அவனை விட்டுவிட்டது. 2010இன் டொங்கி கொங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸில் டிக்கி முகமூடிக் கூட்டம், 2014இன் ட்ரொபிக்கல் ஃப்ரீஸில் பனி நாட்டுக் கடல்வீரர்கள். கேட்டது கிடைத்ததே என்று ரசிகர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பலர் கே. ரூல் எங்கே என்று கேட்டார்கள். 2018 ஓகஸ்ட்டில் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் அவன் இடம்பெறுவதாக அறிவித்தபோது எழுந்த ஆரவாரம், பழைய வில்லன் சலிப்பூட்டுகிறான் என்ற வாதத்தோடு எவ்வகையிலும் பொருந்தாது. ரசிகர் கூட்டத்தின் வாய் ஒன்றும் மனம் ஒன்றுமாக இருக்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

இந்தக் கருத்துக்கு அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் கிடக்கிறது: முன்பே தெரிந்த எதிரியைப் பார்ப்பதில் சுவை இல்லை என்பது. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அனுமானம் விநோதமாகப்பட வேண்டும். ராகலை தொடங்கி ஹட்டன் வரையுள்ள தோட்டங்களில் மாசி மாதத்தில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடக்கிறது. காமன் அம்பு விடுவான், சிவனின் நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான், ரதி புலம்புவாள், முடிவில் அவன் உயிர்த்தெழுவான். இது லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விடியும்வரை குந்தியிருந்து பார்க்கிறார்கள். ரதி வேடக்காரர் இந்த வருடம் எப்படிப் புலம்பினார், தப்பு சரியான இடத்தில் விழுந்ததா, வீரபத்திரர் பாய்ந்து வந்தபோது முன்வரிசை கலைந்ததா என்பதே மறுநாள் பேச்சு. இந்த வருடமும் காமன்தானா என்று எவரும் முறையிடுவதில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் முருகன் கோயில்களில் நடக்கும் சூரன்போர் இன்னும் நெருக்கமான உதாரணம். அதை பொஸ் சண்டையின் கட்டமைப்பு என்றே சொல்லிவிடலாம். பெரிய சூரன் உருவத்தைத் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் யானைமுகம், அது வீழ்ந்ததும் சிங்கமுகம், அதன்பின் சூரன் தன் சொந்த முகத்தோடு, கடைசியில் மாமரம். உடல் ஒன்று, தலைகள் வேறு, ஒவ்வொரு தலைக்கும் ஆட்டம் வேறு. பிளந்த மாமரம் சேவலும் மயிலுமாகி, வென்றவனின் கொடியாகவும் வாகனமாகவும் சேர்ந்துகொள்கிறது. எதிரியை அழித்து முடிக்காமல் தன்வசமாக்கிக்கொள்ளும் இந்த முடிவைக் கச்சியப்பரின் கந்தபுராணம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் அதே சூரன்; ஆண்டுதோறும் வீதி நிறையக் கூட்டம்.

வழிபாட்டுச் சடங்கையும் காசுக்கு விற்கும் ஆட்டத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. சடங்கில் திரும்பச் செய்வதே கடமை. விற்பனைப் பொருளில் அப்படி ஒரு கடமை இல்லை. ஆனால் இங்கே நிறுவ வேண்டியது ஒன்றுதான்: பாத்திரம் திரும்பி வருவது தன்னளவில் சுவையைக் கொல்லாது. சடங்கு அல்லாத கலையிலும் இதற்குச் சான்று உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரிப்பில் மேடையேறிய இராவணேசன், சி. மௌனகுரு எழுதியது. இராவணனைவிடப் பழைய வில்லன் தமிழ் மேடையில் கிடையாது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதா எலியவைக் கடந்து போகிறவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்தவும் தேவையில்லை. அந்த நாடகம் அவனை அவலத் தலைவனாக நிறுத்தியது. கூத்து நவீன மேடைக்கு வந்த வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு. புதிய வில்லன் ஒருவனை இட்டுக்கட்டியிருந்தால் அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது.

இன்னோர் எதிர்வாதமும் உண்டு. வில்லன் திரும்புவது கலைக்காக அல்ல, பொம்மையும் சட்டையும் விற்பதற்காக என்பார்கள். இருக்கலாம். நிறுவனங்கள் தர்மசாலை நடத்தவில்லை. ஆனால் ஒரு முகத்தை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு, அந்த முகத்தோடு என்ன சண்டை அமைத்தார்கள் என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. கப்ஹெட் (2017) போல எல்லாமே புது பொஸ்ஸாக அமைந்த சிறந்த ஆட்டங்களும் இருக்கின்றன. அங்கே பாராட்டுக்குரியது கையால் வரைந்த ஒவ்வொரு சண்டையும் தனக்கென்று ஒரு விதியோடு வருவதே. முகம் மட்டும் புதிதாக இருந்து விதி பழையதாக இருந்திருந்தால் கப்ஹெட்டும் மெகா மேன் பட்ட பாட்டைத்தான் பட்டிருக்கும்.

இனி, குற்றச்சாட்டில் உள்ள உண்மை. வேடமும் மாறாமல் விதியும் மாறாமல் ஒன்று திரும்பி வந்தால் அது சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. இதன் அப்பட்டமான வடிவம் 'டிவி கேம்' என்ற பெயரில் இலங்கையிலும் விற்ற நகல் கருவிகளோடு வந்த கார்ட்ரிஜ்கள். உறையில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஒரு சில ஆட்டங்களே தொடங்கும் கட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பட்டியல் முழுக்க நிரம்பியிருக்கும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மேலே புகழப்பட்ட டொங்கி கொங் கன்ட்ரியிலேயே ஏழு பொஸ்ஸில் இரண்டு, முன்னே வந்த நீரெலியும் கழுகும் நிறம் மாறி, கொஞ்சம் வேகம் கூடி மறுபடி வந்தவைதான்.

மரியோ தொடரில் இந்தப் பழி நியாயமாக விழும் காலம் 2009 முதல் 2012 வரை. நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீயில் (2009) கூப்பாலிங்ஸ் எனப்படும் ஏழு பேர், கோபுரத்தில் ஒரு முறையும் கோட்டையில் ஒரு முறையுமாக வந்தார்கள். 2012இல் வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2இல் அவர்களே மறுபடி. கோபுரங்களில் 1990இன் பொஸ்ஸான ரெஸ்னோர். அதே ஆண்டு நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ. அதிலும் அந்த ஏழு பேர். கோபுரங்களில் 1988இன் பொஸ்ஸான பூம் பூம். களத்தில் சிறு மாற்றங்கள் உண்டு, ஆனால் தலையில் மூன்று மிதி என்ற கணக்கு அசையவில்லை. இங்கே ரசிகர்களின் கோபம் சரியானது. அந்தக் கோபம் விதியின் மேல் திரும்பியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

2017இன் சூப்பர் மரியோ ஒடிசி இரண்டு வகையையும் ஒரே ஆட்டத்தில் அருகருகே வைத்துக் காட்டுகிறது. அதில் ப்ரூடல்ஸ் என்ற நான்கு முயல்கள் வருகின்றன. பௌசரின் திருமணத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்கள். முற்றிலும் புது முகங்கள், புது ஆடைகள், புதுப் பெயர்கள். அவர்களோடு திரும்பத் திரும்ப நடக்கும் சண்டைகளே ஆட்டத்தின் மிகத் தட்டையான பகுதிகள். பௌசரோ முப்பத்திரண்டு ஆண்டுப் பழைய ஆள். நிலவில் அவனைத் தோற்கடித்தபின் குகை இடியத் தொடங்குகிறது. மரியோ தன் தொப்பியை அவன் தலைமேல் எறிந்து அவனுக்குள் புகுந்துகொள்கிறான். பௌசரின் நகத்தாலும் தீயாலும் வழியை உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டியவர் இப்போது ஆட்டக்காரர். எட்டுக் கோட்டைகளில் தாண்டிப் போன அந்த உடலை இயக்குவதால் உண்டாகும் திகைப்பு, நேற்று வந்த முயல் ஒன்றின் உடலுக்குள் புகுந்திருந்தால் உண்டாகாது.

2023இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரில் பௌசர் ஒரு மாயப் பூவின் சக்தியால் கோட்டையோடு ஒன்றாகிவிடுகிறான். இறுதிச் சண்டை இசையின் தாளத்தோடு நடக்கிறது. அதே ஆட்டத்தில் அவன் மகன் பௌசர் ஜூனியர் கோட்டை கோட்டையாக வந்து, களம் மாறினாலும் ஏறக்குறைய ஒரே வகையில் தோற்கிறான். தந்தை, மகன் இருவரும் பழைய முகங்கள்தான். திரும்பி வருவதே குற்றம் என்றால் இருவருக்கும் ஒரே தண்டனை விதிக்க வேண்டும். விதியைப் பார்த்துத் தீர்ப்பெழுதினால் மகன்மீதான குற்றச்சாட்டு நிற்கும், 2012இன் இரண்டு ஆட்டங்கள்மீதும் நிற்கும், தந்தைமீது நிற்காது.